இன்ஜினுக்குள் நீலம்

திருமால் தன் கம்பெனி பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தியபோது அன்புக்கரசி தலை தூக்கவில்லை. அந்த முகத்தைப் பார்க்காமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்துத்தான் அவள் புருஷன் கார்முகிலின் மெக்கானிக் கடையில் வந்து உட்கார்ந்திருந்தாள். ஆனால் பீங்கான் கம்பெனி வண்டிகளெல்லாம் அங்கேதான் வரும். அது முதலாளி சொல்லிவைத்த கடை. சூப்பர்வைசர் திருமாலால் அதை மாற்ற முடியவில்லை.

அன்புக்கரசியும் அந்தக் கம்பெனியில் இருந்தவள்தான். பொம்மை அச்சுகளில் களிமண் கரைசலை ஊற்றுவது அவள் வேலை. பெண்களைக் கெட்ட வார்த்தை சொல்லிக் கூப்பிடுவது திருமாலுக்குப் பழக்கம். ஒருநாள் எல்லார் முன்னாலும் அவள் அவனைத் திருப்பித் திட்டிவிட்டாள். அந்த வாரமே ஒரு வரிசை அச்சு கீழே விழுந்து உடைந்தது. அவள் அந்தப் பக்கமே போகவில்லை. திருமால் அவளைக் கைகாட்டினான். முதலாளி பூவாயியைக் கூப்பிட்டுக் கேட்டார். பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவள் பூவாயி. அன்புக்கரசி வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டவள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “ஆமாங்க, இவதான் தட்டிவுட்டா” என்றாள். அன்றைக்கே அன்புக்கரசி கேட்டுக்கு வெளியே வந்துவிட்டாள். அதன் பிறகு பூவாயி எதிரே வந்தால் காறித் துப்பிவிட்டுத்தான் நடப்பாள்.

கடையில் கார்முகில் இன்ஜினைப் பிரிப்பான், பூட்டுவான். நடுவில் கழுவுவதெல்லாம் அவள். ‘புருஷனுக்கு ஆள் வெக்க வக்கில்ல’ என்று தெருவில் பேசினார்கள். பேசினவர்கள் வீட்டு வாசலுக்கே போய் நாலு வார்த்தை கூடுதலாகக் கேட்டுவிட்டு வந்தாள். அந்தக் கோபத்தையெல்லாம் வேலையிலும் காட்டினாள். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்ப்பாள். ஆயில் ஓடும் துளை ஒவ்வொன்றிலும் காற்று அடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவள் சரி என்று சொல்லாமல் கார்முகில் எதையும் பூட்டுவதில்லை.

திருமால் அவளிடம் பேசவில்லை. கார்முகிலிடம்தான் சொன்னான். ஓடிக்கொண்டிருந்த வண்டி கம்மாபுரம் ரோட்டில் இன்ஜின் இறுகி நின்றுவிட்டதாம். கம்பெனி ஸ்டாண்டில் நிற்கும்போது எவளோ உள்ளே எதையோ ஊற்றியிருக்கிறாளாம்.

“பிரிச்சுப் பாரு. நான் முதலாளியக் கூட்டிக்கிட்டு வரேன். அதுவரைக்கும் உள்ள இருக்கறத யாரும் தொடக் கூடாது. எவ வேலைன்னு கண்டுபுடிச்சு ஸ்டேஷன்ல ஒக்கார வெக்கிறேன்.”

கடைசி வார்த்தையை அன்புக்கரசியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

கார்முகில் பிரித்தான். அடியில் ஆயில் தங்கும் இடத்தில் கொழகொழவென்று சேறு. வழக்கமான கருப்பு இல்லை, நீலம். கார்முகிலுக்கு அது வெறும் நீலம். அன்புக்கரசிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பொம்மைக்குப் பூசும் நீலப் பூச்சு அது. கம்பெனியில் கலர் கலக்கும் அறை பூவாயியின் பொறுப்பு. சாவியும் அவள் இடுப்பில்தான். திருமால் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதும்.

மாட்டட்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். தன்னை வெளியே தள்ளியவள், தானும் தள்ளப்படட்டும். அந்த நினைப்பு கொஞ்ச நேரம் இனித்தது. பிறகு திருமால் சிரிப்பது கண்ணில் வந்தது. பூவாயி மாட்டினால் ஜெயிப்பது அவன்.

மண்ணெண்ணெய்த் தட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கார்முகில் பதறினான். தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே, கம்பெனி வண்டி வராமல் போனால் பிழைப்பு என்னாவது என்று கேட்டான்.

“நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க” என்றாள்.

சேற்றை மரச்சிம்பால் வழித்துக் கழிவு ஆயில் பீப்பாயில் போட்டுக் கம்பியால் கலக்கினாள். கருப்புக்குள் நீலம் காணாமல் போனது. இன்ஜின் உள்சுவரில் காய்ந்து பிடித்திருந்ததை வெந்நீர் விட்டு ஊறவைத்தாள். மண்ணெண்ணெய்க்கு அசையாத மண் தண்ணீருக்கு இளகும் என்று அச்சு வேலையில் தெரிந்துகொண்டிருந்தாள். ஆயில் பம்பின் பல் இடுக்கை பிரஷ்ஷால் தேய்த்தாள். காற்று அடித்தபோது துளையிலிருந்து நீலத் துளி முகத்தில் தெறித்தது. முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி அடித்தாள். ஈரம் போனதும் புது ஆயில் தடவி, சாமான்களைத் துணிமேல் வரிசையாக வைத்தாள்.

முதலாளியோடு வந்த திருமால் துணியைப் பார்த்தான்.

“யாரு கழுவச் சொன்னா?”

“கழுவாம பூட்ட முடியாதுங்க” என்றாள்.

“உள்ள என்ன இருந்துச்சு?”

“அழுக்கு.”

திருமால் தட்டை எட்டி உதைத்தான். மண்ணெண்ணெய் அவள் காலில் கொட்டியது. கார்முகில் ஸ்பேனரோடு எழுந்தான். முதலாளி குறுக்கே வந்து, வண்டி ஓடினால் சரி என்று சொல்லித் திருமாலை இழுத்துக்கொண்டு போனார். வண்டி ஓடியது. ஆனால் அதற்குப் பிறகு கம்பெனி வண்டி எதுவும் அந்தக் கடைக்கு வரவில்லை. எப்படிச் சொல்லி மாற்றினானோ, திருமால் மாற்றிவிட்டான். கார்முகில் பல நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

விஷயம் காதில் விழுந்து பூவாயி கடைக்கு வந்தாள். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் தன் மகள் மோகனப்பிரியாவைப் பேக்கிங் அறைக்குத் தனியாக வரச் சொல்லித் திருமால் தொல்லை கொடுத்ததாகவும், கேட்கப் போனபோது வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்றதாகவும் சொன்னாள். வேறு வழி தெரியாமல் நீலத்தை ஊற்றினாளாம். கையெடுத்துக் கும்பிட வந்தவளை அன்புக்கரசி நிறுத்தினாள்.

“ஒனக்காகச் செய்யல. அவன் ஜெயிக்கக் கூடாதுன்னு செஞ்சேன். வண்டில ஊத்துனா வண்டிதான் நிக்கும், அவன் நிக்க மாட்டான். முதலாளிகிட்டப் போயி வாயத் தொறந்து சொல்லு. என்னை எதுக்கு வெளிய அனுப்புனாங்கன்னும் சேத்துச் சொல்லு.”

பூவாயி உடனே போய்விடவில்லை. பயந்தாள், அழுதாள், மற்ற பெண்களிடம் பேசினாள். கடைசியில் சூளை அடுக்க வேண்டிய ஒரு காலையில் பெண்கள் எல்லாரும் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார்கள். அச்சு உடைந்தபோது திருமாலுக்குப் பயந்து பொய் சொன்னதையும் பூவாயி அன்றைக்கே, எல்லார் காதிலும் விழச் சொன்னாள். முதலாளி முதலில் மிரட்டினார். மதியம்வரை சூளை காலியாகக் கிடந்ததும் திருமாலைக் கணக்கு முடித்து அனுப்பினார்.

அன்புக்கரசியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பூவாயியோடு இன்றைக்கும் பேச்சு கிடையாது. எதிரே வந்தால் இப்போது துப்புவதில்லை, அவ்வளவுதான்.