பாதியில் நிறுத்திய மாத்திரை

என் மகளுக்குத் தொண்டைப்புண் வந்தபோது டாக்டரம்மா பத்து நாள் மாத்திரை கொடுத்தார். நான்காம் நாளே காய்ச்சல் விட்டது. மீதியை அடுத்த தடவைக்கு ஆகும் என்று டப்பாவில் எடுத்துவைத்தேன். ஒரே வாரத்தில் காய்ச்சல் திரும்பிவிட்டது. வேளச்சேரியில் பூச்சு வேலையை விட்டுவிட்டு, அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடையாறு கிளினிக்கில் ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

“கொத்தனார்தானே நீங்க?” என்றார் டாக்டரம்மா. “கிருமிக்கும் சுத்திச் சுவர் உண்டு. வளரும்போது பழசைக் கொஞ்சம் கொஞ்சமா பேத்துட்டுப் புதுசு வைக்கும். இந்த மாத்திரை புதுசை வைக்க விடாது. கிருமி உடைஞ்சு செத்துடும்.”

“அப்புறம் எப்டிம்மா கிருமி மிச்சம் நின்னுச்சு?”

“வளராம சும்மா கிடக்கறதும் இருக்கும். அதை மாத்திரை ஒண்ணும் பண்ணாது. அது மறுபடி சுவர்ல கை வைக்கற அன்னிக்கு மாத்திரை உடம்புல இருக்கணும்.”

மகள் கண் திறக்காமலே, “பாதி செவுரு பூசிட்டு வந்தா மேஸ்திரி உன்ன வுடுவாராப்பா?” என்றாள். டாக்டரம்மா மறுபடியும் பத்து நாளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இந்தத் தடவை, வேலை முடிந்து எவ்வளவு அசந்து வந்தாலும் நானே மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் அவள் தெருவில் ஓடியாடினாள். கூப்பிட்டு நிறுத்தி மாத்திரையைக் கொடுத்தேன்.