நிலாக்காரி

கட்டடம் எழும்புவதற்கு முன்னால் அந்த இடத்தில் துளை போட்டு, அடி மண்ணை எடுத்துப் பார்த்து, இது தாங்கும், இது தாங்காது என்று சொல்வது அவள் வேலை. "அந்தம்மாவுக்கு மூக்குக்கு மேல கோவம்" என்பார்கள் மேஸ்திரிகள். பொய்யில்லை. ஆனால் அது மூக்கில் முளைத்த கோபம் இல்லை. பதினேழு வயதில், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டது.

அந்த வருஷம் அவர்கள் தெருவில் கழிவுநீர்க் குழாய் பதிக்க ஆளுயரத்துக்குப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினார்கள். அவள் குனிந்து பார்த்தாள். மேலே கறுப்பு, அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே ஒரு விரல் கனத்துக்குப் பொடிப்பொடியாகச் சிப்பி. கடல் எங்கேயோ இருக்கிறது. இங்கே எப்படிச் சிப்பி வந்தது? பள்ளிக்கூடத்தில் கேட்டாள். "அதுக்குன்னே ஒரு படிப்பு இருக்கு, நிலவியல்னு" என்றார் அறிவியல் ஆசிரியை. அன்றோடு முடிவு பண்ணிவிட்டாள்.

தேர்வு முடிவு வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. சொந்தமாக மருந்துக் கடை. நாலு பேர் கூடினால் நாலு பேருக்கும் சேர்த்துத் தானே பேசிவிடுகிற ஆள்.

"மேல என்ன படிக்கப் போற?"

"நிலவியல், மாமா."

"என்னது, நிலவா?" மாமா கையிலிருந்த சோற்று உருண்டையை அப்படியே தட்டில் போட்டார். "மச்சான், கேட்டீங்களா? உங்க பொண்ணு நிலாவைப் படிக்கப் போறாளாம்! படிச்சுட்டு வேலைக்கு ராக்கெட்லதான் போகணும். சோத்தை யாரு கட்டிக் குடுக்கிறது?"

"நிலவு இல்ல மாமா..." என்று அவள் தொடங்கியது அந்தச் சிரிப்பில் யார் காதிலும் ஏறவில்லை. அம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். லேத் பட்டறையில் இரும்பு கடைந்து கடைந்து காது மந்தமாகிப் போன மனிதர். மற்றவர்கள் சிரித்தால் என்ன ஏது என்று கேட்காமல் தானும் சிரித்துவைப்பார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பொறுக்கவில்லை.

"அடி நிலாக்காரி, பார்மசி படி. நம்ம கடை இருக்கு. நாளைக்கு நிழல்ல உக்காந்து சம்பாதிக்கலாம்" என்றார் மாமா.

"மாமா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்லம்மா" என்றார் அப்பா. அவ்வளவுதான். ஒரு வாழ்க்கையை முடிவுகட்ட அவர்களுக்கு ஒரு வேளைச் சோறு இறங்குகிற நேரம் போதும்.

பார்மசியில் சேர்ந்தாள். சேர்த்தார்கள் என்பதுதான் சரி. பிடிக்காத படிப்பு படிக்கிறவனுக்கு முதலில் போவது மூளையல்ல, தூக்கம். வகுப்பில் மருந்துகளின் பெயர்கள் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியேறின. ஆய்வுக்கூடத்தில் களிம்பு அரைக்கச் சொன்னால் யாரையோ அரைப்பதுபோல் அரைத்தாள். கல்வத்தில் விரிசல் விட்டது. அதற்கும் திட்டு வாங்கினாள்.

இரண்டாவது செமஸ்டர் பாதியில் அப்பா பட்டறையில் நின்ற நிலையிலேயே சரிந்து இறந்துபோனார்.

வீடு நிறையச் சனம். அவள் அழவில்லை. "நெஞ்சழுத்தக்காரி" என்று ஒரு சித்தி சொன்னது காதில் விழுந்தது. விழட்டும். மாமா நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அவரோட கடைசி ஆசையே இவ பார்மசி முடிக்கணும்கிறதுதான்."

அவள் எழுந்து நின்றாள். "எப்ப சொன்னார்?"

"என்னது?"

"உங்ககிட்ட எப்ப சொன்னார்னு கேக்குறேன். செத்தவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார்ங்கிற தைரியமா?"

"மாமாகிட்ட அப்படிப் பேசாதடி" என்றாள் அம்மா. சித்திகள் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

சனம் கலைந்து சில நாள் கழித்து, துவைத்த துணியை மாடியில் உதறிக் காயப்போடும்போது அம்மாவே கேட்டாள்.

"அந்த நிலாவுல அப்படி என்னதான்டி இருக்கு?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "நிலா இல்லம்மா! நிலம். தரை. நாம நிக்கிறோமே, இது." காலால் ஓங்கி மிதித்துக் காட்டினாள். பள்ளத்தையும் சிப்பியையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

அம்மா ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். "தரையா? உங்கப்பா நிலான்னுதானே நெனச்சார். ஒருநாள் இங்கயே நின்னு அண்ணாந்து பார்த்துட்டு, 'இவ்வளவு தூரம் பொம்பளப் பிள்ளைய எப்படிடீ தனியா அனுப்புறது, துணைக்கு ஆள் விடுவாங்களா'ன்னு என்கிட்ட கேட்டார்."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபம்தான் வந்தது. என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா? எதிர் அறையில்தானே இருந்தேன்? ஒரு வார்த்தை. செத்துப்போனவரின் சட்டையைப் பிடித்து உலுக்கவா முடியும்?

மறுநாள் பல்கலைக்கழக அலுவலகத்தில் போய் நின்றாள். நிலவியலுக்குத் துறை மாற வேண்டுமென்றால் யாரைக் கூட்டி வர வேண்டும் என்று கேட்டாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் தலையைத் தூக்கவே இல்லை.

"எதுக்கு? அவங்களா பரீட்சை எழுதப் போறாங்க? பதினெட்டு ஆயிடுச்சுல்ல, நீ கையெழுத்துப் போட்டாப் போதும். ஒரு வருஷம் வீணாகும், மறுபடி முதல் வருஷத்துல உக்காரணும். சம்மதமா?"

"முன்னாடியே இப்படித்தானா?"

"எப்பவும் இப்படித்தாம்மா. நீங்கதான் யாரும் வந்து கேக்குறதில்ல."

பேனா தாளைக் கிழித்துவிடும்போல் அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலமே மாமா வந்து வாசலில் நின்று கத்தினார். "யாரைக் கேட்டு மாத்தின?"

"யாரையும் கேக்கல."

"உங்கப்பா இருந்திருந்தா இப்படி நடக்குமா?"

"இருந்திருந்தா ராக்கெட் வேண்டாம்ப்பா, பஸ்லயே போகலாம்னு சொல்லியிருப்பேன். சொல்ல விடாம சிரிச்சது நீங்க."

"இனிமே என் கடைப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே!"

"மாத்திரை வேணும்னா வேற கடையா இல்ல ஊர்ல?"

மாமா போன பிறகு அம்மா வாசல் கதவைச் சாத்தினாள். பிறகு, "காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று மட்டும் கேட்டாள்.

புதிய வகுப்பில் எல்லோரும் அவளைவிடச் சின்னவர்கள். முதல் செய்முறை நாளில் ஆளுக்கொரு சுத்தியலும் ஒரு பாறைத் துண்டும் கொடுத்து, உடைத்து உள்முகத்தைப் பார்க்கச் சொன்னார்கள். அவள் ஓங்கி அடித்த அடியில் சில்லு பறந்து எதிர்ச் சுவரில் பட்டது.

"ஏம்மா, அந்தக் கல்லு உன்னை என்ன பண்ணுச்சு?" என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது.

"அது ஒண்ணும் பண்ணல சார்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் ஓங்கினாள்.