கால் நொடித் தூக்கம்

போன மாதம் வாங்கிய லேப்டாப்பில் சூடு தணிக்கிற மின்விசிறியே கிடையாது. கடைக்காரர் அதைப் பெருமையாகச் சொல்லித்தான் விற்றார். வீட்டில் நானும் அதுவும் மட்டும். இரண்டு பேருமே வாய் திறப்பதில்லை. மூன்றாம் நாளே எனக்குப் பல வருஷத்துக்கு முந்தைய திருவொற்றியூர் எடைமேடையின் இரைச்சல் ஞாபகம் வந்துவிட்டது.

எடைமேடை என்றால் லாரி ஏறி நிற்கிற பெரிய தராசு. பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் என் புரோகிராம். எங்கள் முதலாளி எங்கேயோ படித்துவிட்டு வந்து, ஸ்கீம் என்ற கம்ப்யூட்டர் மொழியில்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர். பார்த்த இடமெல்லாம் அடைப்புக்குறி. அந்த மொழி தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போக, ராயபுரம் மாடி அறை ஆபீஸில் கடைசியாக மிஞ்சியவன் நான். என் கஷ்டத்தைச் சொன்னால் புரிந்துகொள்ள ஒரு ஆள் இல்லை.

கஷ்டம் இதுதான். தராசைக் கால் நொடிக்கு ஒருமுறை படிக்க வேண்டும். நடுவில் புரோகிராம் தூங்க வேண்டும். அந்த ஸ்கீமுக்கோ முழு நொடிக் கணக்கில்தான் தூங்கத் தெரியும். நான் பெரிய மேதாவி மாதிரி 0.25 என்று எழுதிவைத்தேன். அது புள்ளிக்குப் பின்னால் இருந்ததைத் தள்ளிவிட்டுப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. ஒரு கணமும் தூங்காமல் தராசை நச்சரித்தது. கம்ப்யூட்டருக்குள் விசிறி அலறும். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசு வேறு. சூடேறித் தினமும் இரண்டு தடவை கம்ப்யூட்டர் அணையும். நானும் தினமும் பஸ் பிடித்துப் போவேன்.

அங்கே எடை போடுகிறவன் ஜாபர். தண்டையார்பேட்டைக்காரன், என் வயசு.

"இன்னா மாமு, உன் மிஷின் இன்னிக்கும் தூங்கலயே" என்பான். வீட்டுச் சாப்பாட்டில் பாதியை என் பக்கம் தள்ளுவான். நான் அடைப்புக்குறிப் புராணம் பாடுவேன். சினிமாக் கதை மாதிரி கேட்பான்.

தீர்வு பத்து வரிதான். ஸ்கீமைத் தாண்டி இயங்குதளத்திடமே நேராகப் போய், "இத்தனை நானோ நொடி கழித்து என்னை எழுப்பு" என்று கேட்பது. சிஸ்டம் கால் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பார்த்தேன், அழகாக வேலை செய்தது. பென் டிரைவில் ஏற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டே மூன்று வாரம் ஜாபரிடம் போய்வந்தேன். சரிசெய்துவிட்டால் அங்கே போக எனக்கு என்ன காரணம் இருக்கிறது? சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் போனபோது அவன் சட்டையில் இரண்டு பொத்தான்களைக் காணோம். கம்ப்யூட்டர் அணைந்து, வெயிலில் காத்துக் கிடந்த டிரைவர் காலரைப் பிடித்துவிட்டாராம்.

"வுடு மாமு, அந்தாளுக்கு இன்னா பேஜாரோ."

அப்போதே பென் டிரைவை எடுத்துச் செருகினேன். சற்று நேரத்தில் விசிறி அடங்கியது.

"சோக்கா கீது! அப்போ நாளிக்கு வர மாட்டியா?"

"வேலை இல்லையே."

"வேல இருந்தாத்தான் வருவியா?"

சிரித்து மழுப்பினேன். அப்புறம் போகவில்லை.

போன வாரம் போனேன். அறையை இடித்துவிட்டார்கள். லாரி ஏறுகிறது, கேமரா நம்பரைப் படிக்கிறது, சீட்டு தானாக வந்து விழுகிறது. காவலுக்கு இருந்தவருக்கு ஜாபர் என்ற பெயரே தெரியவில்லை.

"இன்னா வேலையா வந்தீங்க சார்?"

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. அவரைப் பார்க்கத்தான் வந்தேன்."