இரண்டு கிலோ போர்வை

வேலப்பன்சாவடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் மோகனப்பிரியா டே கேர் நடத்திவந்தாள். பஞ்சவர்ணம் அங்கே ஆயா. திருமழிசையிலிருந்து பஸ்ஸில் வருவாள். முன்பு அங்கேயே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தவள். ராத்திரி ஷிப்டு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் இங்கே வந்துவிட்டாள். எப்படி முரண்டு பிடிக்கிற பிள்ளையும் அவள் மடியில் போட்டுத் தட்டினால் தூங்கிவிடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வம் நிவேதிதாவிடம் மட்டும் செல்லவில்லை. ஏழு வயதுப் பெண். கோடை லீவு விட்டதிலிருந்து முழு நாளும் டே கேரில்தான் இருந்தாள். ஓடுவாள், ஏறுவாள், படுக்கச் சொன்னால் படுத்தபடியே சுவரில் காலை உதைப்பாள். பக்கத்தில் தூங்கும் பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொள்ளும்.

ஒரு திங்கட்கிழமை அவள் அம்மா மைதிலி ஒரு போர்வையைக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிய வேகத்தில் பஞ்சவர்ணத்தின் கை இறங்கிப் போனது.

“இன்னா மேடம் இது, இம்மாங் கனமா கீது?”

“உள்ள சின்னச் சின்ன கண்ணாடி மணி வச்சுத் தைச்சிருக்கு ஆயாம்மா. ரெண்டு கிலோ. இவளுக்கு ஏடிஹெச்டி இருக்குன்னு சொல்லியிருக்காங்க, அதான் ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியல. ராத்திரி தூக்கமே வர்றதில்ல. யாரோ அணைச்சுப் பிடிச்ச மாதிரி இருந்தா உடம்பு கொஞ்சம் அடங்கும்னு தெரபிஸ்ட் சொன்னாங்க. மத்தியானமும் கொஞ்ச நேரம் போத்திப் படுக்க வைங்க. வேண்டாம்னு தள்ளினா விட்டுடுங்க. வேற எந்தக் குழந்தைக்கும் இதைப் போட்டுடாதீங்க.”

கடைசி வார்த்தை பஞ்சவர்ணத்தைச் சுருக்கென்று தைத்தது. விலை ஜாஸ்தியாக இருக்கும், மற்ற பிள்ளைகள் எச்சில் பண்ணிவிடும் என்று பயப்படுகிறாள் போல என்று எண்ணிக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

போர்வை ஒன்றும் மாயம் செய்துவிடவில்லை. முதலில் நிவேதிதா அதை உதைத்துத் தள்ளினாள். சில நாள் அதற்குள் படுத்துத் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். சில நாள் கண் மூடிவிடுவாள். அப்படி அவள் முகம் தளர்ந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பஞ்சவர்ணத்துக்கு வியப்பாக இருக்கும். தன் கையால் ஆகாதது ஒரு துணியால் ஆகிறதே என்று கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே எதுவும் சரியில்லை. இன்னொரு ஆயா வரவில்லை. மோகனப்பிரியா ஏதோ வேலையாகப் பூந்தமல்லி போயிருந்தாள். பல் முளைக்கிற கிஷோர், ஒன்றேகால் வயதுக் குழந்தை, வந்ததிலிருந்து ஓயாமல் அழுதான். அவன் அம்மா கனிமொழி ஆபீஸில் இருந்தபடி போனில் சிசிடிவியைப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

“ஏன் அழுதுட்டே இருக்கான்? நீங்க அவனைத் தூக்கவே இல்லையே.”

“தூக்கினுதான் கீறேம்மா. மத்த புள்ளைங்களுக்கும் சோறு ஊட்டணும்ல?”

மத்தியானம் கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சிணுங்கத் தொடங்கின. கிஷோரின் குரல் வீறிட்டது. தோளில் போட்டுத் தட்டித் தட்டிப் பஞ்சவர்ணத்தின் கை மரத்துவிட்டது. கண் எதிரே நிவேதிதாவின் போர்வை கிடந்தது. நிவேதிதா அதை விட்டு எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

குழந்தையைப் பாயில் கிடத்தினாள். போர்வையை இரண்டாக மடித்து மார்பு வரை போர்த்தினாள். கொஞ்சம் திமிறினான். பிறகு அழுகை தேய்ந்து அடங்கியது. அப்பாடா என்று நிமிர்ந்தவள், பால் காய்ச்சச் சமையலறைக்குப் போனாள்.

நிவேதிதா பின்னாலேயே வந்தாள்.

“ஆயாம்மா, கிஷோர் கை வெளிய வர மாட்டேங்குது.”

“தூங்குறான்டி. எய்ப்பி வுட்றாத. போய்க் கம்முனு படு.”

போனவள் உடனே திரும்பி வந்தாள். “ஆயாம்மா, அவன் உள்ள போயிட்டான்.”

“ஒரு எடத்துல இருக்க மாட்டியா நீ?” பஞ்சவர்ணம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நிவேதிதா மூன்றாம் முறை வரவில்லை. தரையில் எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. தொடர்ந்து அந்தப் பெண் கத்தினாள்.

பஞ்சவர்ணம் ஓடினாள். நிவேதிதா இரண்டு கையாலும் போர்வையைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தாள். புரண்டு உள்ளே சறுக்கியிருந்த குழந்தையின் முகம் அப்போதுதான் வெளியே தெரிந்தது. தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. உதடு நிறம் மாறியிருந்தது. வாரி எடுத்தாள். தலை துவண்டு அவள் கைமேல் விழுந்தது.

“கிஷோரு! நைனா! கண்ண தொறடா!”

முதுகில் தட்டினாள். காலைத் தேய்த்தாள். அவன் ஒரு விக்கல் விக்கினான். பிறகு மூச்சை இழுத்து வீறிட்டு அழுதான். காலையிலிருந்து எந்த அழுகையை நிறுத்தப் பாடுபட்டாளோ, அதைக் கேட்டதும் அவனை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது. போன் அடித்தது. கனிமொழி.

“கேமரா ஆஃப் ஆயிடுச்சு. கிஷோர் என்ன பண்றான்?”

பஞ்சவர்ணம் போனைக் காதில் வைத்தபடி கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். கரண்ட் இல்லாத நேரத்தில் அது எதையும் பார்க்கவில்லை. குழந்தை அழுகிறான், இத்தனை நேரமும் அழுதுகொண்டுதான் இருந்தான் என்று சொன்னால் போதும். வேலை போகாது. ஆனால் அவன் உடம்புக்குள் என்ன ஆகியிருக்கிறதோ, அது அவளுக்குத் தெரியாது. நிவேதிதா போர்வையின் நுனியை விடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம்மா, நான் தப்பு பண்ணிட்டேன். புள்ளைக்கு மூச்சு முட்டிப்போச்சு. இப்ப அயுவுறான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறேன். நீ நேரா அங்க வா.”

பக்கத்து ஃப்ளாட் அங்கம்மாவை மற்ற பிள்ளைகளுக்குக் காவல் வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள். வழி முழுக்க அவன் மூக்கருகே விரலை வைத்தபடியே இருந்தாள்.

டாக்டர் சாயங்காலம் வரை கண்காணிப்பில் வைத்திருந்து, ஆபத்தில்லை என்றார். “தானே தள்ளிவிட முடிஞ்ச பிள்ளைக்குத்தான் அந்தப் போர்வை. கைக்குழந்தைக்கு அது மேல விழுந்த மூட்டை மாதிரி.” கனிமொழி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு கத்தியதை எல்லாம் பஞ்சவர்ணம் தலை குனிந்து கேட்டாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே, சேதி கேட்டு ஓடிவந்திருந்த மோகனப்பிரியா நாளையிலிருந்து வரவேண்டாம் என்றாள்.

பையை எடுக்க டே கேருக்குத் திரும்பியபோது மைதிலி மகளோடு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“வேற யாருக்கும் போடாதன்னு சொன்னீங்க மேடம். அயுக்காயிடும்னு சொல்றீங்கன்னு நெனச்சுக்கினேன்.”

மைதிலி கையிலிருந்த போர்வையைப் பார்த்தாள். “ஏன்னும் சேர்த்துச் சொல்லியிருக்கணும் ஆயாம்மா. எனக்குத் தோணல.”

“சொல்லியிருந்தாலும் அந்த நேரத்துல இன்னா பண்ணியிருப்பேனோ, தெர்ல.” நிவேதிதாவின் பக்கம் திரும்பினாள். “மொத தபா நீ வந்தப்பவே நான் எய்ந்து வந்திருக்கணும் கண்ணு.”

நிவேதிதா அப்போதும் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பஞ்சவர்ணம் இப்போது ஒரு காலேஜ் ஹாஸ்டலில் காய் நறுக்குகிறாள். ஆடி மாதத்தில் ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் கனிமொழியைப் பார்த்தாள். கிஷோர் கீழே நின்று அம்மாவின் துப்பட்டாவை இழுத்துக்கொண்டிருந்தான். பஞ்சவர்ணத்தைக் கண்டதும் கனிமொழி அவனைச் சட்டென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பஸ் வந்தது. படியில் கால் வைத்த கனிமொழி திரும்பி, “நல்லா இருக்கான். நடக்கிறான்” என்றாள்.

பஞ்சவர்ணம் தலையாட்டினாள். அவளும் ஏறவேண்டிய பஸ்தான் அது. ஏறாமல் அடுத்ததற்காக நின்றாள்.