எமில்டா அக்கா எழுதிய காரணம்

எமில்டா அக்கா என்ன வேலை செய்கிறார் என்று அவருடைய மச்சாளுக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. "உவள் ஒபிஸில இருந்துகொண்டு காசு கேட்டுக் கடிதம் எழுதுறவள்" என்று மல்வேர்னில் நடக்கும் பிறந்தநாள் விருந்துகளில் சொல்லிச் சிரிப்பார். எமில்டா அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். திருத்தமாட்டார்.

காசு கேட்பது அந்த வேலையில் சிறு பகுதிதான். எங்கள் நிவாரண அமைப்பு ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருக்கிறது. சூடான், ஏமன், வன்னி என்று போர் நடக்கிற, நடந்து முடிந்த இடங்களில் எங்களுக்குச் சிறிய திட்டங்கள் உண்டு. பணம் தருகிறவர் பெரிய அறக்கட்டளையாக இருந்தாலும் ஸ்காபரோக் கடைக்காரராக இருந்தாலும் சில நிபந்தனைகள் வைப்பார். இந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டும், இந்தப் பொருளைத்தான் வாங்க வேண்டும், படம் வேண்டும், பலகையில் பெயர் வேண்டும். அங்கே களத்தில் இருப்பவர்களால் எல்லாவற்றையும் செய்ய முடியாது. பாதை மூடிக் கிடக்கும். சாமான் எல்லையில் நிற்கும். படம் எடுத்தால் படத்தில் இருப்பவரைத் தேடி ஆட்கள் வருவார்கள். அப்போதெல்லாம் பணம் தந்தவருக்கு எழுதி விதிவிலக்கு வாங்குவதுதான் எமில்டா அக்காவின் உண்மையான வேலை.

அவர் கேட்டால் கிடைக்கும். ஏனென்றால் நடந்ததை நடந்தபடி எழுதுவார். "காசு தந்தவருக்குப் பொய் சொல்லக்கூடாது, பிள்ளை" என்று நான் வேலைக்குச் சேர்ந்த கிழமையே சொன்னார். "ஒருக்காப் பொய் சொல்லிப் பிடிபட்டால் பிறகு நாங்கள் சொல்லுற உண்மையையும் நம்பாயினம். அப்ப ஆர் பட்டினி கிடக்கிறது? நீயும் நானுமில்லை."

மன்னாரிலிருந்து பதினாறு வயதில் வந்தவர். கோப்பிக் கடையில் நின்று படித்தவர். கணவர் அமெரிக்காவுக்கு லொறி ஓடுகிறார். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். பதினேழு வருடமாக அதே மேசை. அந்த வருடங்களில் ஒரு கொடையாளருக்கும் பொய் எழுதியதில்லை என்பது அவருக்கு இருந்த ஒரே பெருமை. அதையும் அவர் வாய்விட்டுச் சொன்னது ஒரு தடவைதான்.

போன வருடம் அன்புராசா வந்தார். எங்கள் பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தரிப்பிடத்தில் இருக்கிற வாங்குகளின் முதுகிலெல்லாம் அவருடைய படம்தான், வீடு வாங்க விற்க அழையுங்கள் என்று. மகள் அட்சயா பெரியபிள்ளையாகியிருந்தாள், அவளுக்குச் சாமத்திய வீடு. பரிசு ஒன்றும் வாங்கப் போவதில்லை என்றார். அதற்குப் பதிலாக, கிளிநொச்சியில் கால் இழந்தவர்களுக்காக நாங்கள் நடத்தும் நிலையத்துக்கு வருகிறவர்களில் பன்னிரண்டு பேருக்குச் செயற்கைக் கால் கொடுக்கப் போகிறார். மகளுக்குப் பன்னிரண்டு வயது, வயதுக்கு ஒரு கால்.

எங்கள் இயக்குநர் அருள்நாயகம் தானே எழுந்து போய் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

"ஒரேயொரு விசயம்" என்றார் அன்புராசா. "அண்டைக்கு ஹோலில பெரிய ஸ்கிறீன் போடுறன். பிள்ளை பல்லக்கால இறங்கேக்க, அங்க பன்னிரண்டு பேரும் புதுக்காலோட எழும்பி நிண்டு வாழ்த்த வேணும். லைவ்."

"அந்த நேரம் அங்க இருட்டியிருக்கும், அண்ணை" என்றார் எமில்டா அக்கா.

"லைற் போடலாம்தானே. லைற்றுக்கும் நான்தான் தாறன்."

"கால் குடுக்கிறது நல்ல விசயம். எழும்பி நிண்டு காட்டச் சொல்லிக் கேக்கிறது..."

"தங்கச்சி, நான் குடுத்திட்டு மூலையில நிக்கிற ஆளில்லை. சனம் பாக்க வேணும். பாத்தால்தான் அடுத்தவனும் குடுப்பான். அவன் என்னை விடக் கூடக் குடுக்க வேணுமெண்டு குடுப்பான். எங்கட ஆக்களை உங்களுக்குத் தெரியாதோ?"

அதில் பொய் இல்லை. நிபந்தனை ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

கிளிநொச்சி நிலையத்தை நடத்துகிற மரியோ மாதாமாதம் தமிழில் அறிக்கை அனுப்புவார். அதை ஆங்கிலமாக்குவது என் வேலை. இந்த விசயத்தை அவர் எழுதவில்லை, போனில் சொன்னார்.

"அக்கா, ஒராள் ஸ்கிறீனுக்கு வரமாட்டா. பிரதீபா எண்டு."

"ஏனாம்?"

"அவ முந்தி இயக்கத்தில இருந்தவ. சண்டை முடியிற நேரம் சனத்தோட சனமா வந்திட்டா, ஆமியிட்டப் பதியேல்லை, அவையின்ர புனர்வாழ்வு முகாமுக்கும் போகேல்லை. செல் குண்டு விழுந்து கால் போனதெண்டுதான் ஊருக்குக் கதை. மாமியாருக்கும் தெரியாது. மனுசனுக்கு மட்டும் தெரியும். எனக்கே இப்பதான் சொன்னவ, அதுவும் அழுதழுது. வீடியோவில ஆரும் முகத்தைப் பிடிச்சிட்டால் கதை முடிஞ்சுது."

பிரதீபாவின் பழைய செயற்கைக் காலில், மிச்சக் காலைச் செருகுகிற கிண்ணம் இறுகிப்போய், தசையை வெட்டிப் புண்ணாக்கியிருந்தது. அந்தப் புண்ணோடுதான் அவர் அரிசி ஆலையில் நாள் முழுதும் நின்று வேலை செய்தார். புதுக் காலுக்கு அச்சு எடுத்தாகிவிட்டது. அது அவருக்குக் கிடைக்க வேண்டும், முகம் வெளியே வரக்கூடாது. எமில்டா அக்காவுக்கு முன்னால் இருந்தது இவ்வளவுதான்.

"அவவை விட்டிட்டு வேற ஆளைப் போடுங்கோவன்" என்றார் அருள்நாயகம்.

"புண்ணோட நிக்கிற ஆளை விட்டிட்டோ?"

"அப்ப அண்டைக்கு அவவுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ. உலகத்தில காய்ச்சல் எல்லாருக்கும் வாறதுதானே, எமில்டா. அன்புராசா என்ன, இங்க இருந்து தேமாமீற்றர் வைச்சே பாக்கப் போறார்?"

எமில்டா அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "பதினேழு வருசம் எழுதாத பொய்யை ஒரு சாமத்திய வீட்டுக்காக எழுதச் சொல்லுறியளோ, அருளண்ணை?"

முதலில் அன்புராசாவுக்குப் போன் எடுத்து, ஒருவருக்குத் தனிப்பட்ட காரணம் இருக்கிறது, பதினொரு பேர்தான் வருவார்கள் என்று சொல்லிப் பார்த்தார். அன்புராசாவின் குரல் அறை முழுதும் கேட்டது.

"பிள்ளைக்குப் பதினொரு வயசில்லை, தங்கச்சி! அழைப்புக் காட்டில பன்னிரண்டு கால் எண்டு அடிச்சாச்சு. என்ர காசில கால் போடுற ஆளுக்கு எனக்குச் சொல்லேலாத காரணமும் இருக்கோ?"

ஆகவே எமில்டா அக்கா எழுதினார். கடிதத்தில் பெயர் இல்லை, ஊர் இல்லை, வயது இல்லை. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒரு பெண் முன்பு இயக்கத்தில் இருந்தவர், செல் விழுந்து கால் போனது என்றுதான் குடும்பமும் நம்புகிறது, முகம் தெரிந்தால் ஆபத்து, தயவுசெய்து இதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் இருந்தது. அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. "தங்கச்சி, வாசிச்சு அழுதிட்டன். அவ வரத் தேவையில்லை. ஒரு கதிரையை மட்டும் வெறுமையா விடச் சொல்லுங்கோ, கணக்குக்குப் பன்னிரண்டு இருக்கட்டும்."

எமில்டா அக்கா அன்று நேரத்தோடு வீட்டுக்குப் போனார். அப்படிப் போவது அரிது.

வைபவம் வெக்ஸ்போர்ட் பக்கத்து மண்டபம் ஒன்றில் நடந்தது. எங்களுக்குப் பின்வரிசை மேசை. புகை பறக்க, பல்லக்கில் அட்சயா வந்து இறங்கினாள். நகைப் பாரத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் இருந்தாள். திரையில் கிளிநொச்சி தெரிந்தது. வெளிச்சம் போட்ட அறை. புதுக்காலோடு பதினொரு பேர் எழுந்து நின்று கை அசைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் உறவுக்காரர்கள். முன்வரிசையில் விருந்தினராகக் கிராம சேவகரும் அரிசி ஆலை முதலாளியும். எங்கே எதைக் கொடுத்தாலும் இரண்டு பெரிய மனிதர்களை முன்னால் இருத்தாவிட்டால் எங்கள் ஊர்களில் அது கொடுத்ததாகாது. பதினொரு பேருக்கும் நடுவில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது.

அன்புராசா ஒலிவாங்கியை எடுத்தார். நன்றி சொன்னார். பிறகு திரையைக் காட்டினார்.

"அந்தப் பன்னிரண்டாவது கதிரை ஏன் வெறுமையா இருக்கெண்டு தெரியுமோ? அதில இருக்க வேண்டியவ ஒரு வீராங்கனை. செல் விழுந்து போன காலில்லை அது, களத்தில குடுத்த கால்! இண்டைக்கும் தன்ர குடும்பத்துக்கே சொல்லாமல் ஒளிஞ்சு வாழுறா அந்தத் தாய். அவவுக்காக ஒருக்கா எல்லாரும் எழும்புங்கோ!"

அவர் உண்மையாகவே அழுதார். மண்டபம் எழுந்து கைதட்டியது. எமில்டா அக்கா எழும்பவில்லை. அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கை அசைப்பது நின்றுவிட்டது. இங்கே பேசியது முழுவதும் அங்கே கேட்டிருக்கிறது. நின்றவர்களில் ஒரு வயதான மனிதர் வெறும் கதிரையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவர் பார்த்தார். ஒவ்வொருவராக எல்லோரும் பார்த்தார்கள். அந்த நிலையத்துக்கு யார் யார் வருகிறவர்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா? ஆலை முதலாளி கிராம சேவகரின் காதில் ஏதோ சொன்னார். மரியோ ஓடி வருவது தெரிந்தது. அவருடைய உள்ளங்கை பெரிதாகி வந்து திரையை மூடியது.

"தொடர்பு துண்டிச்சுப் போச்சு. எல்லாரும் சாப்பாட்டுக்குப் போகலாம்" என்று அறிவிப்பாளர் சொன்னார்.

எமில்டா அக்கா கூட்டத்துக்குள்ளால் நடந்துபோய் அன்புராசாவின் முன் நின்றார்.

"நீங்கள் கதைச்சது அங்க கேட்டது, அண்ணை."

"கேக்கட்டும். அவையளுக்கும் பெருமைதானே."

"உங்களோட வைச்சிருக்கச் சொல்லித்தானே எழுதினனான்."

"நான் பேர் சொன்னனானோ? எனக்குப் பேரே தெரியாதே, தங்கச்சி!" அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சமும் கள்ளம் இல்லை. யாரோ படம் எடுக்கக் கூப்பிட, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

மரியோவிடமிருந்து செய்தி துண்டு துண்டாக வந்தது. மோட்டார் சைக்கிளில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் நிலையத்துக்கு வந்து, பன்னிரண்டாவது ஆள் யார் என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் ஏற்கெனவே தெரியும் என்பது கேட்ட விதத்திலேயே விளங்கியது. ஆலை முதலாளி, இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார். வீட்டுக்கு ஆமியைக் கூட்டிக்கொண்டு வரப் பார்த்தாயோ என்று மாமியார் முற்றத்தில் நின்று கத்தினார். கணவன் வீட்டுக்குள் போய்விட்டான். புண் ஆறட்டும் என்று தள்ளிவைத்திருந்த புதுக் காலைப் பொருத்திப் பார்க்க வேண்டிய நாளில் பிரதீபா வரவில்லை. பழைய காலோடு, அந்தப் புண்ணோடு, எங்கேயோ போய்விட்டார்.

அன்புராசா போன் எடுத்தார். நிகழ்ச்சி வீடியோவை நிறையப் பேர் பார்த்துவிட்டார்களாம்; தானும் அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்று ஒரு நகைக்கடைக்காரர் கேட்கிறாராம்.

"அந்தப் பன்னிரண்டாவது பிள்ளைக்கு நான் தனிய ஒரு வீடு கட்டிக் குடுக்கிறன், தங்கச்சி."

"எங்க கட்டுறது, அண்ணை? அவ எங்க எண்டே தெரியாது."

நடந்ததை எமில்டா அக்கா ஒன்றும் விடாமல் சொன்னார்.

"நான் நல்லதுதானே சொன்னன்" என்றார் அன்புராசா கடைசியில்.

"ஓம். நல்லதுதான் சொன்னனீங்கள்."

மார்கழி தொடங்கியபின் ஒரு மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எமில்டா அக்காவின் போன் அடித்தது. சின்ன அறை; மறுபக்கக் குரல் எனக்கும் கேட்டது.

"எமில்டா அக்காவோ? நான் பிரதீபா. மரியோ அண்ணையிட்ட நம்பர் வாங்கினனான்."

எமில்டா அக்கா எழுந்து நின்றார். "எங்க பிள்ளை இருக்கிறீங்கள்?"

"அதைச் சொல்லமாட்டன்."

"ஓம். சொல்லாதையுங்கோ."

"எனக்காகக் கனக்கக் கதைச்சனீங்களாம், மரியோ அண்ணை சொன்னவர். ஒண்டு கேக்கட்டோ? அந்த ஆளுக்கு என்னைப் பற்றிச் சொன்னது ஆர்?"

"நான்தான்."

"ஏன், அக்கா?"

"அவர் காரணம் கேட்டவர். சொல்லாட்டி உங்களை விடமாட்டார் எண்டு..."

"என்னட்டயும்தான் எத்தினை பேர் கேட்டவை. பதினைஞ்சு வருசமாக் கேட்டவை, அக்கா. செல் விழுந்தது, செல் விழுந்தது எண்டு பொய் சொல்லித்தான் உயிரோட இருந்தனான். உங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பொய் சொல்லத் தெரியேல்லையோ?"

கோபமாகக்கூட அவர் கேட்கவில்லை. களைத்துப்போன குரல்.

"புதுக்கால் நிலையத்தில அப்பிடியே இருக்கு, பிள்ளை. அது உங்கட அளவு, வேற ஆருக்கும் வராது. ஆரிட்டையும் குடுத்து அனுப்பட்டோ?"

"எங்க எண்டு அனுப்புவீங்கள்?"

அதோடு அழைப்பு நின்றுவிட்டது.

எமில்டா அக்கா போனில் அழைப்புப் பட்டியலைத் திறந்தார். பிறகு அந்த இலக்கத்தைத் தேடி எடுத்து, அழைப்பு வந்த அடையாளமே இல்லாமல் அழித்தார். அப்போது அருள்நாயகம் தன் அறைக் கதவால் எட்டிப் பார்த்து, ஆர் போனில் என்று கேட்டார்.

"பிழையான நம்பர்" என்றார் எமில்டா அக்கா.