செவலைக்கு வைத்த உருண்டை

அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். சித்தப்பா கையில் போனோடு இருந்தார். அக்கா இருந்தாள். நான் இருந்தேன், எனக்கு அப்போது எட்டு வயது. செவலை இருந்தது.

செவலை எங்கள் நாய். என்னைவிட மூத்தது. சாமைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்காமல் காவல் காத்தே கிழடாகிவிட்டது. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பல் பாதி இல்லை. பின்னங்காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கும். மோப்பம் மட்டும் போகவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். சாமை அறுத்து முடித்த மறுநாள், புதுச் சோற்றில் முதல் உருண்டை காவல் நாய்க்கு. தட்டில் வைக்க மாட்டோம். கொல்லை வரப்பின் மேல் வைப்போம். அது மோந்து தேடி எடுத்துத் தின்ன வேண்டும். வருசா வருசம் செவலை அப்படித்தான் தின்றது.

அந்த வருசம் அறுப்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. செவலை இரண்டு நாளாகத் தண்ணீர் மட்டும் குடித்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்.

"இது அறுப்பு வரிக்கும் தாங்காது. நாளிக்கே உருண்டய வெச்சிரலாம். ஆசையா துன்னுட்டுப் போவட்டும்."

பழைய சாமையில் அம்மா சோறாக்கினாள். கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்தாள்.

அறுப்புக்கு முன்னால் கொல்லையில் இன்னொன்றும் இருக்கும். பன்றி வெடி. மேலே கொழுப்பு பூசிய உருண்டை. பன்றி கடித்தால் வாய் போய்விடும். பொழுது சாயும்போது சித்தப்பா காட்டோரமாக வைத்துவிட்டு வருவார். விடிந்ததும் பொறுக்கிவிடுவார். வைப்பது குற்றம். அதனால் எனக்கும் அக்காவுக்கும் யாரும் சொன்னதில்லை.

காலையில் கொல்லையில் கால் வைத்ததும் அப்பா கேட்டார்.

"எல்லாத்தயும் எட்த்துட்டியாடா?"

"எட்த்தாச்சுண்ணா. தோ, பையில கீது."

முந்தின சாயங்காலம் சித்தப்பா குடித்திருந்தார். அது அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் பையை வாங்கிப் பார்க்கவில்லை.

அம்மா உருண்டையை வரப்பில் வைத்தாள். செவலை மோந்து மோந்து வந்தது. பாதிப் பல் போன வாயால் மென்று முழுவதையும் தின்றது. அக்கா அழுதாள்.

"இன்னாத்துக்குடி அழுவுற? ஒன்ன கட்டிக் குட்த்தாகூட இப்டி அழுவ மாட்டியே" என்றார் சித்தப்பா. அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லாரும் சேந்து நில்லுங்க, ஒரு போட்டோ" என்று சித்தப்பா போனைத் தூக்கினார்.

நாங்கள் நின்றோம். செவலை நிற்கவில்லை. தின்ற இடத்தை நக்கிவிட்டு, மண்ணை மோந்துகொண்டே காட்டோரமாகப் போனது. அங்கே ஒரு புங்க மரத்தடியில் நின்றது. வாலை ஆட்டியது. கொஞ்ச நாளாக அது வாலை ஆட்டியதே இல்லை.

நான்தான் முதலில் பார்த்தேன். சந்தோசத்தில் கத்தினேன்.

"அப்பா, செவலைக்கு இன்னோர் உருண்ட கெட்ச்சிருச்சு!"

சித்தப்பா கையிலிருந்து போன் விழுந்தது. அப்பா "ஏய்" என்றார்.

வெடிச் சத்தம் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது.

அம்மா எங்கள் இரண்டு பேர் கண்ணையும் பொத்தினாள். விரல் இடுக்கில் பார்த்தேன். வால் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. யாரும் அழவில்லை. அக்காவும் நிறுத்திவிட்டாள்.

அப்பா சித்தப்பாவின் பையைப் பிடுங்கித் திறந்தார். விரலால் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். பிறகு எங்களிடம், "வந்த தடத்துலயே போங்க. காலத் தள்ளி வெக்காதீங்க" என்றார்.

செவலையை வீட்டுக்குப் பின்னால் புதைத்தோம்.

அதன் பிறகு தினமும் விடிந்ததும் அப்பா தனியாகக் கொல்லைக்குப் போனார். கையில் ஒரு குச்சி. தலையைக் குனிந்தபடி ஓரம் முழுக்க நடப்பார். செவலையில் மிச்சம் ஏதோ தேடுகிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் பின்னாலேயே போய்விட்டேன்.

"அப்பா, செவலய வூட்டாண்டதான பொதச்சோம்? இங்க இன்னா தேடற?"

அவர் என்னைத் தூக்கிக்கொண்டார். அப்பா பிள்ளைகளைத் தூக்குகிறவர் இல்லை. வீடு வரை இறக்கிவிடவே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் நெஞ்சு ஏன் அப்படி அடித்துக்கொண்டது என்று தெரியவில்லை.

காட்டோரத்துச் சாமையை அந்த வருசம் அறுக்கவில்லை. இன்றைக்கும் அங்கே நாங்கள் ஏர் ஓட்டுவதில்லை.

அப்பா சித்தப்பாவிடம் கொடுத்தது ஏழு. பையில் இருந்தது ஐந்து. செவலை எடுத்தது ஒன்று.