கோயிலுக்குப் போகாத பன்னிரண்டு நாட்கள்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த என் கணவரை அல்ஜீரியா சண்டைக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. போன வருஷம் ஒரு காலையில், புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பிரெஞ்சில் ஒரு தந்தி வந்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. கொஞ்சம் பிரெஞ்சு படித்திருந்த பக்கத்து வீட்டுத் தெரேஸ் அக்காவிடம் ஓடினேன். முதல் வரியிலேயே அவர் அழுதுவிட்டார்.

"வருத்தத்தோட தெரிவிக்கிறோம்னு போட்டிருக்குடி. உன் வீட்டுக்காரர் போயிட்டார்."

மாமியார் இருதய நோயில் படுத்திருந்தார். அதனால் யாரிடமும் சொல்லவேண்டாம் என்று அக்காவைக் கெஞ்சினேன். செபமாலையைக் கிணற்றில் எறிந்தேன். பூசை மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டேன். கைக்குழந்தையோடு அந்தக் கிணற்றடியில் இரண்டு முறை போய் நின்றேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்தார். "ரெண்டு ஞாயிறா உன்னைக் காணோமேம்மா?"

தந்தியை நீட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"பலமா அடிபட்டு ஆஸ்பத்திரியில இருக்கார்னுதாம்மா போட்டிருக்கு. உசிரோட இருக்கார். அன்னிக்கே இதை எங்கிட்ட எடுத்தாந்திருக்கக் கூடாதா?"

கோயில் எங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது.

கணவருக்கு ஒரு கால் போய்விட்டது. இன்னும் ஊர் திரும்பவில்லை. எப்போது வருவார் என்றும் தெரியாது. ஆனால் துக்கம் தாங்காத நாட்களில் இப்போது நான் வீட்டுக்குள் அடைந்து கிடப்பதில்லை. நேரே கோயிலுக்குப் போய்விடுகிறேன். சில நாள் செபம் வாயில் வராது, ஆண்டவர்மேல் கோபம்தான் வரும். அந்தக் கோபத்தோடேயே முழந்தாளிடுகிறேன்.